ஹோம்ஸ்டெட்னா வீட்டுமனை இல்லீங்க

"1862ல் ஆபிரகாம் லிங்கன் வீட்டுமனைச் சட்டம் கொண்டுவந்தார்". போட்டித் தேர்வு நோட்ஸ் ஒண்ணுல, அமெரிக்காவோட ஹோம்ஸ்டெட் ஆக்ட்டுக்குத் தமிழா, மறுபடியும் இந்த வரி கண்ணுல பட்டுச்சு, இனிமே வாய மூடிட்டு இருக்க முடியாது. படிக்கிற பையன் என்ன நினைப்பான்? நம்மூர்ல இலவச வீட்டுமனைப் பட்டான்னு ரெண்டு சென்ட் மூணு சென்ட் குடுக்கறாங்கல்ல, லிங்கனும் அதேதான் பண்ணார் போலன்னு நினைச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவான்.

லிங்கன் கையெழுத்து போட்டது ஆளுக்கு 160 ஏக்கருக்கு. 2400 சதுர அடி ஒரு கிரவுண்டுன்னு கணக்கு போட்டா 2904 கிரவுண்டு. இத மனைன்னு எந்த ரியல் எஸ்டேட் புரோக்கராச்சும் சொல்வாரா?

பழைய ஆங்கிலத்துல ஹாம்னா வீடு, ஸ்டெடெனா இடம். மொழிபெயர்த்தவர் அதோட நின்னுட்டார், வீடு, மனை, வேல முடிஞ்சுது. ஆனா அமெரிக்காவுல அந்த வார்த்தை வீட்ட விட்டு வயலுக்குப் போயாச்சு, குடும்பம் தங்கி உழுது பொழைக்கிற மொத்த நிலத்துக்கும் அதான் பேரு. 21 வயசானவங்க, இல்ல குடும்பத் தலைவரா இருக்கவங்க பதிஞ்சுக்கலாம், விதவைங்க, கல்யாணம் ஆகாத பொண்ணுங்க கூட வாங்கினாங்க. அஞ்சு வருஷம் அங்கயே தங்கி பயிர் வச்சு, ரெண்டு பேர் சாட்சி சொன்னாதான் நிலம் கைக்கு வரும். நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் மரம் கம்மி, அதனால புல்லு வேரோட மண்ண செங்கல் மாதிரி வெட்டி வீடு கட்டினாங்க. வீடுங்கறது நிபந்தனை மட்டும்தான், 12க்கு 14 அடி வீடு இருக்கணும்னா 12க்கு 14 இஞ்ச்ல பொம்ம வீடு வச்சு ஏமாத்தினாங்கன்னு கூட ஒரு கதை உண்டு. மேற்கே போகப் போக மழ கம்மி, 160 ஏக்கர் பத்தாம நெறைய பேர் விட்டுட்டு ஓடினாங்க, 1909ல சில இடங்களுக்கு 320 ஆக்கினாங்க. 320 ஏக்கர் வீட்டுமனை!

பண்ணை வீடுன்னு எழுதறவங்களும் இருக்காங்க. ஈசிஆர்ல நீச்சல்குளம் வச்ச வீடுதான் ஞாபகம் வருது, வேணாம்.

நான் மொதல்ல குடிக்காணின்னு சொல்லிட்டு இருந்தேன். குடின்னா குடும்பம், குடியிருக்கறது, குடியானவன்னா விவசாயி, ஒரே சொல்லுல வீடும் உழவும் வந்துருது. குடின்னதும் டாஸ்மாக் ஞாபகம் வருதுன்னு ஒரு நண்பர் சிரிச்சார், அப்ப குடியரசுன்னா என்னங்க அர்த்தம்? ஆனா காணிதான் உறுத்துச்சு. இலங்கையில எந்த நிலத்தையும் காணின்னுதான் சொல்றாங்க, சரிதான், ஆனா பழைய வழக்குல காணின்னா பரம்பரை உரிமை. அந்த மண்ணுல பரம்பரை உரிமை யாருக்கு இருந்துச்சு? லகோட்டா, பானி, செயென்னு அங்க இருந்த பழங்குடி ஜனங்களுக்கு. நேத்து வந்தவன் வாங்கின நிலத்த காணின்னா அந்த வார்த்தையே பொய் சொல்ற மாதிரி. அதனால குடிநிலம், குடிநிலச் சட்டம். அவ்ளோ அழகா இல்லதான், ஆனா பொய் இல்ல.

"இலவச நிலம்"னு எழுதறவங்களையும் கொஞ்சம் கேக்கணும். சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் போச்சே, அது ஆகாயத்துல இருந்தா விழுந்துச்சு? 1887ல பழங்குடிங்களோட பொது நிலத்த ஆளுக்கு ஆள் பிரிச்ச டாஸ் சட்டம் வந்தப்ப பழங்குடிங்க கையில இருந்த சுமார் 13.8 கோடி ஏக்கர், 1934ல 4.8 கோடி ஆயிருச்சு. அவங்கள அடைச்சு வச்ச இடத்துக்கு ஆங்கிலத்துல ரிசர்வேஷன்னு பேரு, அத ஒருத்தர் "இந்தியர்களுக்கான இட ஒதுக்கீடு"ன்னு எழுதியிருக்கார், லகோட்டாக்காரங்களுக்கு மெடிக்கல் சீட் கெடச்ச மாதிரி. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் அரசு குடுத்த பத்திரத்துக்கு பேட்டன்ட்னு பேரு, நம்ம பாஷையில அப்படியே பட்டா. தேவையில்லாத இடத்துல பட்டாவ ஞாபகப்படுத்தின அதே நோட்ஸ், இங்க "காப்புரிமை"ன்னு போட்டிருக்கு.