உங்களுக்கு என்ன பிடிக்கும்?

மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "வேலை, படிப்பு, குடும்பம் எல்லாம் இருக்கட்டும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." அங்கேதான் பலரும் திணறுவார்கள். எந்த கம்பெனி, எவ்வளவு பேக்கேஜ், எங்கே ஃபிளாட் என்று மடமடவென ஒப்பித்தவருக்கு, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் பிடிக்கும் என்று சொல்லத் தெரியாது. "எல்லாரும் செய்றதுதான் சார்" என்பார்.

உடனே செல்போனைத் திட்டிவிடலாம். ஆனால் இது போனுக்கு முன்பே தொடங்கிய கதை. மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது, நல்ல காரியம். வீடுகளில் மட்டும் அது நிற்கவில்லை. பெரியம்மா பையன் எவ்வளவு, எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு என்று இன்றும் ரிசல்ட் அன்று விசாரணை நடக்கிறது. தன்னை எடைபோட வேறு அளவுகோல் கிடைக்காதபோது மனிதர்கள் அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். அதுவும் தன்னைப் போன்றவர்களோடுதான் அதிகம் என்றார். அப்போது அது தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் உள்ளே அடங்கியது. இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேருடைய கல்யாணமும் காரும் நம் கைக்குள் வந்துவிடுகின்றன, அவர்களுடைய கடன் தவணை மட்டும் வருவதில்லை.

கூட்டம் நம்மை எவ்வளவு தூரம் இழுக்கும்? 1950-களில் அமெரிக்காவில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனையில் கேள்வி மிகச் சுலபம்: எந்தக் கோடு இந்தக் கோட்டின் நீளம்? அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள். விடை கண்ணெதிரே இருந்தும், சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான விடையைச் சொன்னார்கள். ஆனால் அறையில் வேறு ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் போதும், அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

என் சிகிச்சை அறையில் எனக்கு அதிகம் கைகொடுப்பது இந்தக் கடைசித் தகவல்தான். 'உன்னைக் கண்டுபிடி' என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனித்துவத்தையும் அங்கே மொத்த வியாபாரமாகத்தான் விற்கிறார்கள். நான் கேட்பது வேறு: "எனக்கு இது வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால், சிரிக்காமல், அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ள ஒருத்தர் இருக்கிறாரா? அத்தையோ, பழைய ஆபீஸ் நண்பரோ, யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் சின்ன விஷயத்தில் பழகிப் பாருங்கள். டீமே போகும் சுற்றுலாவுக்கு வரவில்லை என்று சொல்வது, பிடிக்காத குரூப்பிலிருந்து வெளியேறுவது, இந்த அளவுக்குத் தொடங்கினால் போதும். வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகள் அப்புறம்.

அப்படி யாருமே இல்லை, முன்பு பிடித்தவற்றிலும் இரண்டு வாரத்துக்கு மேலாக ஆர்வமே இல்லை, தூக்கமும் கெடுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸின் எண் 14416; இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.