அருவமாக்கம்: அப்ஸ்ட்ராக்‌ஷன் என்னும் சொல்

'அப்ஸ்ட்ராஹெரே' என்ற லத்தீன் வினைக்கு 'பிரித்து இழுத்தெடுத்தல்' என்று பொருள். அப்ஸ்ட்ராக்‌ஷன் அதிலிருந்து வந்தது. வயலில் ஓடும் டிராக்டருக்கும் அதே 'இழு' என்னும் வேர்தான். பலவற்றில் பொதுவாக இருப்பதை மட்டும் தனியே எடுத்து, மற்றதைக் கண்ணில் படாமல் வைப்பது நிரலாக்கத்தில் இதன் பொருள்.

ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் அப்ஸ்ட்ராக்டைச் 'சுருக்கம்' என்கிறோம். அதையே நிரலாக்கத்துக்கும் கொண்டுவருவது தவறு. இங்கே எதுவும் சுருங்குவதில்லை. சில நேரம் நிரல் வரிகள் கூடவும் செய்யும். 'அருவமாக்கம்' என்பதே சரியான சொல். சைவ சித்தாந்தம் அருவம், உருவம், அருவுருவம் என்று பிரிக்கும்போது அருவத்தை இல்லாத பொருளாகச் சொல்வதில்லை. காணாமல் இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு.

நிரலாளர்கள் இடறுவது இந்த வேறுபாட்டில்தான். தரவுத்தளத்தைச் சாதாரண நிரல் வழியாகவே கையாள உதவும் ஓஆர்எம் என்னும் கருவியைப் பயன்படுத்தினால், தரவுத்தளத்தை வினவும் மொழியான எஸ்க்யூஎல்லை எழுத வேண்டியதில்லை; ஆனால் எஸ்க்யூஎல் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 100 ஆர்டர்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்கும் எளிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்), கவனிக்காவிட்டால் தரவுத்தளத்துக்கு 101 வினவல்களை அனுப்பிவிடும்: ஆர்டர் பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு நூறு. மறைத்து வைத்தது இப்படி வெளியே தலைகாட்டுவதை நிரலாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2002-இல் 'கசியும் அருவமாக்கம்' என்ற பொருள்பட விளக்கினார்.

அப்படியானால் எப்போது அருவமாக்குவது? கற்க வேண்டியது கொஞ்சமாகவும், மறைப்பது நிறையவும் இருக்க வேண்டும். கோப்புகளைக் கையாள, யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஓபன், ரீட், ரைட், எல்சீக், க்ளோஸ் ஆகிய ஐந்து அழைப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். வட்டில் தரவு எங்கே கிடக்கிறது, கேஷ் (தற்காலிக நினைவகம்) எப்படி இயங்குகிறது என்பதெல்லாம் நம் கவலையில்லை. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நிரலைச் சீரமைப்பது பற்றி மார்ட்டின் ஃபௌலர் எழுதிய 1999 நூலால் பரவிய, டான் ராபர்ட்ஸ் என்னும் நிரலாளர் சொன்ன விதி ஒன்று உண்டு: ஒரே மாதிரி நிரலை மூன்றாம் முறை எழுத நேரும்போது பொதுவாக்கு. இரண்டு இடங்கள் ஒத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் 'செய்தி அனுப்புதல்' தானே என்று ஒரே ஃபங்ஷனில் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டில்) அடைத்துப் பாருங்கள். மின்னஞ்சலுக்குத் தலைப்பும் இணைப்பும் வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலமென்றால் 160 எழுத்துகள். தமிழென்றால் யூனிகோடு குறியீட்டில் 70 தான், அதிலும் 'கி' (க, இகரக் குறி என) இரண்டாகக் கணக்காகும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு ஃபிளாக் (ஆம், இல்லை என்று சொல்லும் குறி), ஃபிளாகுக்கு ஓர் இஃப் நிபந்தனை. கொஞ்ச நாளில் அந்த ஃபங்ஷனைத் தொடவே எல்லோரும் தயங்குவார்கள். அந்த நிலையில் இன்னொரு ஃபிளாக் சேர்க்காதீர்கள். நிரலை அழைக்கும் இடங்களுக்கே பிரதியெடுத்துக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் தேவையற்றதை நீக்குங்கள். தவறான அருவமாக்கத்தைவிட இரட்டிப்பு மலிவானது என்று நிரலாளர் சாண்டி மெட்ஸ் 2016-இல் வாதிட்டதும் இதைத்தான்.

விதிக்கு விலக்கும் உண்டு. பணப் பரிமாற்றச் சேவைபோல, நம் கையில் இல்லாத ஒன்று மாறும் என்று உறுதியாகத் தெரிந்தால் மூன்றாம் முறைக்குக் காத்திருக்க வேண்டாம். அதனுடன் பேசும் நிரலை முதல் நாளே ஓரிடத்தில் ஒதுக்கிவிடலாம்.