பித்தளையின் நினைவு: ஒரு பழைய துவக்கின் தோட்டாக் கோது மறுபடியும் பயன்படுவது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். கனடாவில் வாழும் அவருடைய அண்ணாவுக்கு மாமனார் வழியாக ஒரு பழைய லீ-என்ஃபீல்ட் இராணுவத் துவக்கு வந்திருக்கிறது. அங்குள்ள சட்டப்படி உரிமம் பெற்ற அவர், அதற்கான தோட்டாக்களைத் தாமே மீள நிரப்பக் கற்றுக்கொண்டு வருகிறார். விடுமுறையில் அங்கு சென்றிருந்தபோது, அண்ணா சில பித்தளைக் கோதுகளின் கழுத்தைத் தீச்சுவாலையில் காட்டுவதையும், பார்வைக்குப் புத்தம் புதியனவாக இருந்த வேறு சிலவற்றைக் குப்பையில் எறிவதையும் வாசகி கண்டிருக்கிறார். "சோடாப் போத்தலைப் போல எத்தனை தரமும் நிரப்பலாம் என்றுதானே நினைத்தேன், ஏன் எறிகிறார்?" என்பது அவருடைய கேள்வி.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருப்பதால், இது நம் வீட்டு மேசையில் வைத்துச் செய்யக்கூடிய காரியமன்று. ஆனால் அதன் பின்னுள்ள உலோகவியல், நம் வீட்டுக் குத்துவிளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பொருந்துவதாகும்.

தோட்டா நான்கு உறுப்புகளைக் கொண்டது என்பது பலருக்கும் தெரிந்ததே: முன்னால் சன்னம், உள்ளே எரிமருந்து, அடியில் ஊசி மோதும்போது பொறி தரும் சிறு தீமூட்டி, இவை அனைத்தையும் தாங்கும் பித்தளைக் கோது. சுட்டபின் கோது மட்டுமே மிஞ்சுகிறது. எரிமருந்து ஒரேயடியாக வெடிப்பதில்லை. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. அமுக்கம் கூடக்கூட அந்த எரிவேகமும் கூடுவதால், அளவில் நேரும் சிறு பிழையும் பெரும் அமுக்கமாக மாறிவிடும். மருந்து உற்பத்தியாளர் அச்சிட்ட அட்டவணையிலிருந்து மயிரளவும் விலகக்கூடாது என்று மீள்நிரப்புவோர் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

என்னை வியக்கவைப்பது கோது செய்யும் வேலை. லீ-என்ஃபீல்டின் .303 தோட்டா சுடப்படும்போது உள்ளே எழும் அமுக்கம் 3,000 வளிமண்டலங்களைத் தாண்டும். கோதின் மெல்லிய சுவர் அதைத் தனியே தாங்காது. தாங்குவது அதைச் சூழ்ந்திருக்கும் உருக்கு அறையே. அறைக்குள் எளிதாக நுழையவேண்டும் என்பதற்காகக் கோது சற்றுச் சிறிதாகவே செய்யப்படுகிறது. அமுக்கம் எழுந்ததும் பித்தளை உப்பி, அந்த நூலிழை இடைவெளியை நிரப்பி, அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு வாயு பின்னோக்கிக் கசிந்து சுடுபவரின் முகத்தைத் தாக்காதபடி, கோதே ஒரு மூடியாகிவிடுகிறது. சன்னம் குழலை விட்டு நீங்கி அமுக்கம் விழுந்ததும், உருக்கு அறை தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. பித்தளையோ அதைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குகிறது. அந்த மிகச் சிறிய வேறுபாடு இருப்பதனாலேயே வெற்றுக் கோதைக் கையால் இழுத்து வெளியே எடுக்க முடிகிறது.

பித்தளை ஏன் அதிகமாகச் சுருங்குகிறது? 70 பங்கு செப்பும் 30 பங்கு நாகமும் கலந்த இந்த உலோகத்தின் விறைப்பு, உருக்கினதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே ஒரே வலிமையுள்ள இரு கோதுகளை ஒப்பிட்டால், பித்தளைக் கோது உருக்குக் கோதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மீளும். ஆனால் அந்த வலிமை கோது முழுவதும் ஒரே சீராக இருக்கக்கூடாது. அடிப்பகுதி கடினமாகவும், சன்னத்தைப் பிடித்திருக்கும் கழுத்து மென்மையாகவும் இருக்கவேண்டும். சுடும்போதும், பின்னர் உப்பிய கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் அழுத்தி ஒடுக்கும்போதும் பளிங்கமைப்பில் குலைவுகள் பெருகிக் கழுத்து இறுகிப்போகிறது. வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பி இறுகி ஒடிவதும் இவ்வாறே. கழுத்தை மட்டும் சுவாலையில் காட்டினால் அங்கு புதிய பளிங்குமணிகள் உருவாகி, உலோகம் மறுபடியும் இளகிய தன்மையைப் பெறுகிறது. அதே சூடு அடிப்பகுதிக்கு ஏறினால் அந்தக் கோது ஆபத்தானதாகிவிடும்.

இப்படி உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை, யாரும் தொடாமலே விரிசல் விட்டுப் பிளந்தது. பருவத்தோடு வந்த நோய் என்பதால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயரிட்டார்கள். குற்றவாளி பருவம் அன்று. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செப்பைக் கரைத்துப் பளிங்கு எல்லைகளை அரித்தது. கோதைச் செய்யும்போது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கம் அந்த அரிப்பைப் பிளவாக்கியது. இந்த விளக்கம் 1921இல் வெளியானது. பித்தளையை மினுக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா இருப்பதால், தோட்டாக் கோதுகளை அவற்றால் துடைப்பதில்லை.

உப்புக்காற்றில் கடலோரமாக ஓடும் தண்டவாளத்தை நாள்தோறும் பார்க்கும் கொழும்பு மக்களுக்கு அரிப்பு அந்நியமான பொருளன்று. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் விஞ்ஞானத்துக்கென ஒரு துறையே இருக்கிறது. இத்தகைய துறைகளின் அரிப்பு ஆய்வுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரும்பு உக்குவதைக் "காலக்கேடு" என்று சொல்லிவிட்டு நகரும் பழக்கம், பருவத்தின் மேல் பழிபோட்ட அந்தப் பழைய பெயரைவிட எவ்வகையிலும் மேலானதன்று.

பழைய இராணுவத் தோட்டாக்களில் இன்னும் இரண்டு இடையூறுகள் உண்டு. சில தீமூட்டிகளில் இருந்த பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கச் செய்துவிடும். அக்கோதுகள் மீள்நிரப்பலுக்கு உதவா. பொற்றாசியம் குளோரேற்று உள்ள தீமூட்டிகள், எரிந்தபின் குழலுக்குள் ஓர் உப்பை விட்டுச்செல்கின்றன. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்ப்பதால், நீரால் கழுவியே அதை அகற்றவேண்டும்.

வாசகியின் அண்ணா எறிந்த கோதுகள், அனேகமாக, வேறொரு காரணத்தால் கழிக்கப்பட்டவை. .303 கோதின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அறைக்குள் அதை நிலைநிறுத்துவது அந்த விளிம்பே. சேறும் மணலும் புகுந்தாலும் தோட்டா சிக்கக்கூடாது என்பதற்காக, இராணுவத் துவக்குகளின் அறையில், தோட்டாவின் உடல் கழுத்தாக ஒடுங்கும் தோள்பகுதிக்குத் தாராளமாக இடம் விட்டார்கள். சுடும்போது கோதின் முன்பகுதி சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. லீ-என்ஃபீல்டில் அதைத் தாங்கும், அறையைப் பின்னாலிருந்து மூடும் பூட்டின் பிடிகள் பின்புறத்தில் அமைந்திருப்பதால் அங்கும் சிறிது நெகிழ்வு உண்டு. இடையில் அகப்பட்ட உலோகம், அடிக்குச் சற்று மேலே, ஒவ்வொரு தடவையும் நீண்டு மெலிகிறது. முழுக் கோதையும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் அடுத்த தடவையும் அது அவ்வாறே நீளும். இதனால் பலர் கழுத்தை மட்டும் ஒடுக்கி, அந்த அறைக்கேற்ற வடிவை உடல்பகுதியில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மெலிவு முற்றினால் வெளியே ஒரு மெல்லிய மினுங்கும் வளையம் தெரியக்கூடும். சில வேளைகளில் அதுவும் தெரியாது. நுனி வளைத்த ஒரு கம்பியை வாய் வழியாக உள்ளே விட்டு, சுவரோடு உரசியபடி மேலே இழுப்பார்கள். அடிக்கு அருகே நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அடுத்த சூட்டில் அந்தக் கோது இரண்டாகப் பிரிந்துபோகக்கூடும். அவருடைய அண்ணாவின் மேசையில் அப்படியொரு வளைந்த கம்பி கிடந்ததா என்று வாசகி கேட்டுப் பார்க்கலாம்.