மூன்று பிரதிகளும் ஒன்றாகப் போனால்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. குரங்கை வைத்து ஊரே சிரித்தது. ஆனால் பெருந்தொகையான தரவைச் சேமிக்கும் அமைப்புகளை உருவாக்குகிறவர்களுக்கு இப்படியான சம்பவம் பகிடி இல்லை. ஒரு டிஸ்க் பழுதானால் அவர்கள் அசைய மாட்டார்கள். ஒரே காரணத்தால் பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் விழுவதுதான் அவர்களுக்குப் பயம். "கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, இரண்டு இடத்திலும் டேட்டா இருக்கிறது" என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டும் தொங்குவது ஒரே மின்வலையமைப்பில். ஜெனரேட்டர் இருக்கிறதே என்றால், 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

டிஸ்க் பழுதாவது எவ்வளவு சாதாரணம்? தயாரிப்பாளரின் விவரத்தாளில் சராசரி ஆயுள் பத்து இலட்சம் மணித்தியாலம் என்று இருக்கும். வருடக் கணக்கில் 114. இதை நம்பினால் ஆண்டுக்கு நூறில் ஒரு டிஸ்க்கூடப் போகாது. 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு இலட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது. மூன்று சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் டிஸ்க் உள்ள நிலையத்தில் தினமும் எட்டு டிஸ்க் போகும், பெருநாள் விடுமுறையிலும்தான்.

அதனால்தான் பிரதி எடுக்கிறார்கள். கூகுள் 2003இல் ஒரு கட்டுரையில் விவரித்த தன் கோப்பு அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் வழக்கமாக மூன்று இயந்திரங்களில் வைக்கப்பட்டது. ஒன்று விழுந்தால் மற்ற இரண்டில் இருந்து புதிதாக ஒரு பிரதி உருவாகும். சரி, எந்த மூன்று இயந்திரங்களில் வைப்பது? குலுக்கிப் போட்டு வைத்தால் சுமை சமமாகப் பரவும், பழுதும் வேகமாகச் சீராகும். பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

சிக்கல் கரண்ட் போய் வரும்போதுதான் தெரியும். பெரிய மின்தடைக்குப் பிறகு இயந்திரங்களில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை திரும்ப எழும்புவதில்லை. 5,000 சேர்வரில் ஒரு சதவீதம் என்றால் ஐம்பது. அந்த ஐம்பதில் இருந்து மூன்று மூன்றாக 19,600 கூட்டங்கள் சேர்க்கலாம். கோடிக்கணக்கான துண்டுகளைக் குலுக்கிப் போட்டிருந்தால், ஏதோ ஒரு துண்டின் மூன்று பிரதிகளும் அந்த ஐம்பதுக்குள் மாட்டியே தீரும். 2013இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 5,000 இயந்திரங்களில் குலுக்கல் முறையில் வைத்தால், இப்படி ஒரு மின்தடையில் தரவு தொலைய 99.99 சதவீத வாய்ப்பு.

அவர்கள் சொன்ன வழி எளியது. இயந்திரங்களை முன்கூட்டியே மூன்று மூன்றாகக் குழுக்களாகப் பிரித்துக்கொள். ஒரு துண்டின் மூன்று பிரதிகளும் ஒரே குழுவுக்குள்தான் போக வேண்டும். குலுக்கலில் உருவாகும் கூட்டங்களைவிட இந்தக் குழுக்களின் எண்ணிக்கை மிகக் குறைவென்பதால், ஒரு குழு முழுதாக விழும் வாய்ப்பும் குறைவு. 99.99 என்பது 0.15 சதவீதமாக இறங்கியது. இலவசமாக இல்லை. அப்படி ஒரு குழு விழுந்துவிட்டால் அதில் இருந்ததெல்லாம் மொத்தமாகப் போகும். அடிக்கடி கொஞ்சம் இழப்பதா, எப்போதாவது நிறைய இழப்பதா? பொறியியலாளர்கள் இரண்டாவதையே விரும்புகிறார்கள். ஒரு துண்டு தொலைந்தாலும் பழைய பேக்கப்பைத் தேடி எடுக்கிற முழு வேலையும் செய்தாக வேண்டும், அந்த அலைச்சல் துண்டின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

அடுத்தது பணம். மூன்று பிரதி என்றால் மூன்று மடங்கு டிஸ்க், மின்சாரம், குளிரூட்டல். இங்கே கைகொடுப்பது 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சொலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் தந்த குறியீட்டு முறை. அதன் சாரம் சாதாரண தரத்துக்குப் படிக்கிற ஒருங்கமை சமன்பாடுதான்.

7, 5 என்ற இரண்டு எண்களைப் பாதுகாக்க வேண்டும். அவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்து எழுதுங்கள்: கூட்டுத்தொகை 12; பிறகு முதல் எண்ணோடு இரண்டாவதன் இருமடங்கைக் கூட்டி வரும் 17. நான்கையும் நான்கு டிஸ்க்குகளில் வையுங்கள். எந்த இரண்டு போனாலும் மீட்கலாம். 7உம் 5உமே போய்விட்டதா? 17இல் 12ஐக் கழித்தால் 5. 12இல் அந்த 5ஐக் கழித்தால் 7. இரண்டு இழப்பைத் தாங்க மூன்று பிரதிக்கு மூன்று மடங்கு இடம் தேவை, இதற்கு இரண்டு மடங்கு போதும். துண்டுகள் கூடக்கூட இலாபமும் கூடும். பேஸ்புக் 2014இல் விவரித்த அமைப்பில் பத்துத் துண்டுக்கு, மேலே 12, 17 வந்ததுபோலக் கணக்கிட்டுச் சேர்த்த நான்கு உதிரித் துண்டுகள். 1.4 மடங்கு இடத்தில் நான்கு இழப்பைத் தாங்கும்.

ஆனால் தொலைந்த ஒரு துண்டை மீட்க, மிஞ்சியவற்றில் பத்துத் துண்டுகளை வலையமைப்பு வழியாக இழுக்க வேண்டும். தினமும் டிஸ்க் போகும் இடத்தில் இது பெரிய நெரிசல். மைக்ரோசொஃப்ட்டின் கிளவுட் சேவையான அஸூரின் குழு 2012இல் இதற்கு ஒரு தந்திரம் சொன்னது. பன்னிரண்டு துண்டுகளை ஆறு ஆறாக இரண்டு குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு உதிரித் துண்டும், எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டும் வைத்தார்கள். தனியாக ஒரு துண்டு போனால் அந்தக் குழுவில் ஆறை மட்டும் வாசித்தால் போதும். இடம் 1.33 மடங்குதான். பெரும்பாலான நேரம் போவது ஒரே ஒரு துண்டு என்பதைக் கவனித்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

டிஸ்க் சாகாமலே பொய் சொல்வதும் உண்டு. எழுதியது ஒன்று, வாசிக்கும்போது வருவது வேறொன்று, பிழைச்செய்தி எதுவும் இல்லை. 2008இல் வெளியான ஆய்வொன்று 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்து, இப்படி 4 இலட்சத்துக்கும் அதிகமான பொருந்தாமைகளைக் கண்டது. ஒவ்வொரு துண்டோடும், அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்து, யாரும் கேட்காத கோப்பைக்கூடப் பின்னணியில் அவ்வப்போது வாசித்துப் பார்ப்பதே இதற்கு மருந்து.

இத்தனையும் செய்தாலும் ஒரு விஷயத்தில் இந்த அமைப்புகளால் ஒன்றும் செய்ய முடியாது. உரிய அனுமதியோடு வரும் கட்டளைக்கு அவை கீழ்ப்படியும். அழி என்றால் எல்லாப் பிரதிகளிலும் அழியும், பூட்டு என்றால் எல்லாவற்றிலும் பூட்டப்படும். 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்க கிளவுட்டை, தரவைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியபோது, சேர்வரோடு இணைந்திருந்த பேக்கப்பும் தப்பவில்லை. சில மணித்தியாலங்களில் அமைப்பு திரும்ப இயங்கத் தொடங்கியது, ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் சேர்த்து. டிஸ்க் எதுவும் அங்கே பழுதாகவில்லை. அதற்குப் பிறகுதான் வலையமைப்பில் இருந்து கழற்றி வைக்கும் பேக்கப்பைத் தினமும் எடுப்பது பற்றிப் பேசப்பட்டது. அப்படி எடுத்தாலும், கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பின் வந்த மின்னஞ்சல்கள் அதில் இருக்காது.