மெலோடியஸ் வேறு, மெல்லிசை வேறு

சிங்கப்பூரில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் கட்டுரையில், தகரக் கூரைமேல் விழுந்த மழையை ‘மெலோடியஸ்’ என்று எழுதியிருந்தான். “மழைக்கு ஏதப்பா மெட்டு?” என்று கேட்டேன். கைப்பேசி அகராதியைத் திறந்து காட்டினான். அந்தச் சொல்லுக்கு நேரே சீனத்தில் ‘யுவே அர்’ என்று இருந்தது. யுவே என்றால் மகிழ்விப்பது, அர் என்றால் காது. நம் ‘செவிக்கினிய’தான். டல்செட், மெலிஃப்ளுவஸ் என்று இனிய ஓசைக்கான வேறு ஆங்கிலச் சொற்களை அடுத்தடுத்துத் தட்டினோம். அங்கேயும் யுவே அர்! மழை செவிக்கினியதுதானே, பையனை எப்படிக் குறை சொல்வது?

அவனாவது ‘இனிமை’ வரைக்கும் வந்துவிட்டான். நம்மவர்கள் ‘மெலோடியஸ் வாய்ஸ்’ என்று கண்டால் ‘மெல்லிசைக் குரல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கிரேக்கத்தில் மெலோஸ் என்பது பாட்டு, ஓடே என்பதும் பாடுவதுதான். இரண்டும் சேர்ந்த மெலோடியா, லத்தீனும் பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்தில் மெலடி ஆயிற்று. மெலடி உடையது மெலோடியஸ். நம் ‘மெல்’லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காகப் பொருளையும் ஒட்டவைத்துவிட்டார்கள்.

மெல்லிசை நல்ல சொல். கனமான சாஸ்திரிய இசையிலிருந்து பிரித்துச் சொல்லப் பிறந்தது, எம்.எஸ். விஸ்வநாதனை மெல்லிசை மன்னர் என்பது மிகச் சரி. ஆனால் மெலோடியஸ் என்பதில் மென்மை எங்கே இருக்கிறது? நாகஸ்வரத்தை எண்ணிப் பாருங்கள். திறந்த வெளியில் நாலு வீதிக்கும் கேட்க வாசிக்கிற வாத்தியம். பக்கத்தில் நின்றால் காது அதிரும். அதில் வரும் தோடி ராகத்தைவிட மெலோடியஸ் ஆனது உண்டா? மின்விசிறி மென்மையாகத்தான் சுற்றுகிறது, அதில் மெட்டு இல்லையே! சுரங்கள் ஏறி இறங்கி ஒன்றையொன்று தொடர்ந்து ஓர் உருவம் கொள்ள வேண்டும். இனிமை அந்த வழியாக வர வேண்டும். இதே குழப்பத்தில்தான் மெதுவான பாட்டுக்கு மட்டும் ‘மெலடி’ என்று பட்டம் கட்டுகிறோம். குத்துப்பாட்டுக்கு மெட்டு கிடையாதா?

மெலடிக்கு ‘மெட்டு’ போதும். இசையமைப்பாளர் போடுவது மெட்டைத்தான். மெலோடியஸுக்கு நான் ‘பண்ணமைந்த’ என்பேன். பண் என்றால் ராகம் அல்லவா என்று கேட்பார்கள். இசை இலக்கணத்தில் அப்படித்தான். ஆனால் குரலை வருணிக்கையில் நம் முன்னோர் பண்ணைத்தான் தேடிப் போனார்கள். வேதாரண்யத்து அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அங்கே பாடிய அப்பர் அவளைப் ‘பண்ணின் நேர்மொழியாள்’ என்கிறார்.

மற்றவற்றுக்கும் சொல் காத்திருக்கிறது. மெலிஃப்ளுவஸ் லத்தீனில் தேனும் ஒழுக்கும் சேர்ந்தது. தேனொழுகும் குரல் என்று எழுதக் கை கூசுவானேன்? மெல்லோ முதலில் பழுத்த பழத்துக்குச் சொன்ன சொல். கனிந்த குரல் என்று நம் பாட்டிமார் சொல்வது வேறென்ன? இவ்வளவு இருந்தும் எல்லாவற்றையும் ‘இனிமையான’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற மொழிபெயர்ப்பாளரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பையன் மழைக்கு ‘சூதிங்’, அதாவது மனத்துக்கு இதமானது, என்று மாற்றிக்கொண்டான். மெலோடியஸை அடிக்க மனமில்லாமல், வீட்டுக்குக் கீழே மரத்தில் காலையில் பாடும் மாங்குயிலுக்குக் கொடுத்தான். முழு மதிப்பெண் போட்டேன்.