கடைசி ஏரியிலும் பட்டினி

போன மாதம் ஒரு மீனவர், தங்கூசி எனப்படும் நைலான் இழை வலையில் மாட்டிய முக்குளிப்பான் ஒன்றை ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நூல் இறக்கை மூட்டில் தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். பிழைத்துக்கொண்டது. முங்கி இரை தேடும் பறவைகள் பெரும்பாலும் மருத்துவர் கைக்கு வருவதே இல்லை. வலைக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

இப்படிப் பறவை வரும்போதெல்லாம் எனக்கு மடகாஸ்கர் போச்சார்ட் வாத்து நினைவுக்கு வரும். அதுவும் முங்கி இரை தேடுவதுதான். செம்பழுப்பு உடல், ஆணுக்கு வெள்ளைக் கண். அலாவோட்ரா ஏரிதான் அதன் பழைய வீடு. மடகாஸ்கரின் மிகப் பெரிய ஏரியும் அதுதான், நாட்டின் நெற்களஞ்சியமும் அதைச் சுற்றித்தான். ஏரியைச் சுற்றியிருந்த சதுப்பு நிலம் வயலாக மாறியது. குன்றுகளில் காடு போனதும் மழைக்குக் கரைந்த மண் ஏரிக்குள் வந்து படிந்தது. அப்புறம் உணவுக்கென்று வெளியிலிருந்து கெண்டையும் திலேப்பியாவும் விட்டார்கள். நம் ஊரில் ஜிலேபி என்கிறோமே, அதே திலேப்பியாதான். இத்தனைக்கும் மேல் வலையும் வேட்டையும். 1991இல் அங்கே ஒரே ஒரு ஆண் வாத்து பிடிபட்டது. தலைநகர் அன்டனனரிவோவின் விலங்குக் காட்சியகத்தில் ஓராண்டு இருந்து இறந்தது. அலாவோட்ராவின் பெயரையே தாங்கிய முக்குளிப்பான் இனம் அற்றுப்போனதாக 2010இல் அறிவித்துவிட்டார்கள்.

வாத்தும் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2006 நவம்பரில், வடக்கே மட்சபோரிமேனா என்ற எரிமலை ஏரியில் ஒன்பது பெரிய வாத்துகளும் நான்கு இளம் வாத்துகளும் தென்பட்டன. சுற்றிலும் காடு, ஆள் நடமாட்டம் குறைவு. சரி, இனிப் பெருகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எண்ணிக்கை ஏறவே இல்லை.

முட்டை பொரிந்தது, குஞ்சும் வந்தது. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்குள் 96 சதவீதக் குஞ்சுகள் செத்துப்போயின. ஏரி ஆழம் அதிகம், அடியில் புழு பூச்சி குறைவு. பட்டினி கிடந்த வாத்துக்குஞ்சை நான் கையில் எடுத்திருக்கிறேன். நெஞ்செலும்பு கத்திமுனை போல விரலில் உறுத்தும், உடம்பில் சூடே இருக்காது. வாயைத் திறக்கும், சத்தம் வராது. கடைசியாக எங்கே பார்த்தோமோ அதையே அந்தப் பறவைக்கு ஏற்ற இடம் என்று நம்பிவிடுகிறோம். நல்ல இடங்களையெல்லாம் நாம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய இடம் அது. வேலி போட்டுக் காவல் வைத்தாலும் குஞ்சுக்குச் சோறு கிடைக்காது.

2009இல் டரெல் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகள் அங்கிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்தன. அப்படி வளர்த்த வாத்துகளில் 21ஐ 2018 டிசம்பரில் அதே வடக்கு மடகாஸ்கரில் உள்ள சோஃபியா ஏரிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் மிதக்கும் கூண்டுகளில் வைத்துப் பழக்கி, அதன் பிறகே திறந்துவிட்டார்கள். அந்த ஏரியை நம்பிப் பிழைக்கும் விவசாயிகளையும் மீனவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் இந்த வேலை நடக்கிறது. எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது அதுதான்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். ஊர்க் குளத்தில் ஜிலேபிக் குஞ்சு விடாதீர்கள். கரையில் அறுந்து கிடக்கும் தங்கூசியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். வலையில் பறவை உயிரோடு தெரிந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். தலையைத் துணியால் மூடி, வலையைச் சுற்றிலும் வெட்டி, உடம்பில் இறுகிய நூலை அப்படியே விட்டு, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.