மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓட ஆரம்பித்த முதல் வாரம், ஒரு கிலோமீட்டர் முடிவதற்குள் நெஞ்சு அடைக்கும், பேச்சு வராது. ஆறாவது வாரத்தில் அதே வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு அரட்டை அடிக்கலாம். மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் பயப்பட வேண்டிய வாரம் இதுதான்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஒரே மாதத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கினேன். அடுத்த சில வாரங்களில் இடது கணைக்கால் எலும்பின் உள்பக்கம், விரல் நுனி அளவுக்கு ஓர் இடம். அழுத்தினால் சுரீர் என்றது. அரை சாண் மேலே தொட்டால் ஒன்றுமில்லை, கீழே தொட்டாலும் ஒன்றுமில்லை. அந்தப் புள்ளியில் மட்டும்தான். அப்புறம் இரண்டு மாதம் ஓட்டமே கிடையாது.

எங்கே பிசகியது? உடம்பு மொத்தமாகச் சேர்ந்து வலுவாகும் என்று நினைத்ததில்தான். ரத்தம், தசை, எலும்பு ஒவ்வொன்றும் தன் போக்கில், தனக்கான வேகத்தில்தான் மாறுகின்றன.

முந்திக்கொள்வது ரத்தம். சில நாள் தொடர்ந்து ஓடினாலே உடல் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாகப் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு வாரங்களுக்குள் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா 10 சதவீதமோ அதற்கு மேலோ கூடிவிடும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அதிகமாவதால் ஒரு துடிப்புக்கு அது தள்ளும் அளவும் அதிகமாகிறது. அதே வேகத்துக்குக் குறைவான துடிப்பு போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிவப்பணுக்கள் இவ்வளவு சீக்கிரம் பெருகுவதில்லை. அதனால் இந்தச் சமயத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் குறைந்துவிட்டதாகக் காட்டலாம். கூட்டத்தில் ஆள் குறையவில்லை, மண்டபம்தான் பெரிதாகிவிட்டது. (உண்மையான ரத்தசோகையும் ஓட்டக்காரர்களுக்கு வருவதுண்டு. இரண்டில் எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.)

அடுத்து தசை. 1967-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹொலோசி எலிகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார். பல வாரப் பயிற்சிக்குப் பிறகு அவற்றின் கால் தசைகளில், ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்டிரியாவின் நொதிகள் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தன. மனிதத் தசையிலும் இதே பாங்குதான். கூடவே தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தத் தந்துகிகளும் புதிதாக முளைக்கின்றன. இதெல்லாம் வாரக்கணக்கில் நடக்கிற வேலை. ஓடும்போது தசைக்குக் கிடைப்பது கட்டளை மட்டும்தான். கட்டுமானம் நடப்பது அதன் பிறகு, நாம் சாப்பிட்டு உறங்கும் நேரத்தில்.

இந்தக் கட்டளையைக் கொடுக்க வேகமாக ஓட வேண்டும் என்பதில்லை. நிறைய நேரம் ஓட வேண்டும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் சீடர்களை வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓட வைத்தார். நெடுந்தூரக்காரர்களை மட்டுமல்ல, 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் சேர்த்துத்தான். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத பந்தயத்துக்கு ஞாயிறுதோறும் 35 கிலோமீட்டரா என்று கேட்கத் தோன்றும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் இன்னொரு சீடர் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். பின்னாளில் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உச்ச நிலை வீரர்களின் பயிற்சியை அலசிப் பார்த்தபோது, அவர்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை மெதுவாகத்தான் செய்கிறார்கள் என்பது தெரிந்தது. நம்மைப் போன்றவர்கள் இதற்கு நேர்மாறு. மெதுவாக ஓட வேண்டிய நாளில் கடிகாரத்தைப் பார்த்து வேகம் கூட்டுவோம், வேகமாக ஓட வேண்டிய நாளில் களைத்துப்போயிருப்போம். எல்லா நாளும் நடுத்தர வேகத்திலேயே கழியும். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஓட முடிகிறதா, அதுதான் மெதுவான ஓட்டம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

மறுநாள் கால் வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஓட்டம் நின்று ஒரு மணி நேரம் போல ஆனால் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதைக் கழிவு என்பதும் சரியில்லை, இதயமும் மற்ற தசைகளும் அதை எடுத்து எரிபொருளாக்கிக்கொள்கின்றன. மறுநாள் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம். குறிப்பாக இறக்கத்தில் ஓடும்போது.

இனி பிந்தி வருகிறவர்களுக்கு வருவோம். எலும்பு வெறும் கம்பம் இல்லை. அதற்குள் ஓயாமல் பராமரிப்பு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. புதிய சுமை விழுந்தால் ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கும், இன்னொரு வகைச் செல்கள் வந்து அந்தக் குழியை நிரப்பும். தோண்டும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்பிக் கெட்டிப்படுத்த மூன்று நான்கு மாதம் ஆகும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டால் இடையில் சில காலம் அந்தச் சாலை முன்பைவிட மோசமாக இருக்குமே, அதே கதைதான். வலுவாவதற்காக எலும்பு தற்காலிகமாகப் பலவீனமாகிறது. அந்த நேரம் பார்த்து ரத்தமும் மைட்டோகாண்டிரியாவும் ‘இன்னும் ஓடு’ என்கின்றன. ஒவ்வொரு அடியிலும் தரை நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் திருப்பித் தருகிறது. ஒரு மாரத்தானுக்குச் சுமார் 40,000 அடிகள். தோண்டிய இடம் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூர அணிநடைக்குப் பின் பாதம் வீங்கி வலியால் துடிக்கும் சிப்பாய்களைப் பற்றி எழுதினார். எலும்பு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-ல்தான், அது பாத எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. ஓட்டக்காரர்களின் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரும் அதேதான்.

குதிகால் தசைநாண் இன்னும் பிடிவாதம். ரத்த ஓட்டம் குறைவு, மாற்றமும் மெதுவு. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைத் தடயமாக வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். நடுப்பகுதித் திசு சுமார் 17 வயதுக்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-ல் வெளியிட்டார்கள். பள்ளி நாட்களில் கட்டிய நாணை வைத்துத்தான் நாற்பதில் மாரத்தான் ஓடுகிறோம்.

அதனால்தான் ஓரளவு ஓடிப் பழகியவர்களுக்கும் மாரத்தான் திட்டங்கள் 16 முதல் 20 வாரம் வரை நீள்கின்றன. மூன்று வாரம் தூரத்தைக் கூட்டி நான்காவது வாரம் குறைப்பது பின்தங்கியவர்கள் வந்து சேர்வதற்காகத்தான். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். அதை ஒரு கை கணக்காக வைத்துக்கொள்ளலாம், அறிவியல் விதி என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

சரி, எலும்பும் நாணும் ஒத்துழைத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் 30-வது கிலோமீட்டர் வாக்கில் கால் ஈயமாகக் கனக்கும், புத்தி மந்தமாகும். ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவர்’ என்பார்கள். இது எரிபொருள் விவகாரம். ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவு. 60 கிலோ ஆளுக்கு 42.195 கிலோமீட்டருக்கு 2,500 கிலோகலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாக இருக்கும் மாவுச்சத்து சுமார் 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரி. கொழுப்பு இதைப் போலப் பல மடங்கு கிடக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். வேகம் கூடக்கூட உடல் கிளைக்கோஜன் பக்கம் சாய்கிறது. இன்னொரு சிக்கல், தசைக்குள் போன கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் நொதி தசையில் கிடையாது. கைத் தசையில் இருக்கும் சரக்கைக் கால் தசை நேரடியாகக் கடன் வாங்க முடியாது.

இதைக் கண்டுபிடித்த விதம் அழகு. 1966-ல் ஸ்வீடனில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒற்றைக் காலால் களைத்துப்போகும் வரை மிதித்தார்கள். தொடையில் ஊசி செலுத்திக் கொஞ்சம் தசையை எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன் காலி, சும்மா இருந்த காலில் அப்படியே இருக்கிறது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு. மிதித்த காலில் அது திரும்ப வந்தது மட்டுமல்ல, மற்றக் காலைப் போல இருமடங்கு ஏறியிருந்தது. பந்தயத்துக்கு முன் இரண்டு மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும் வழக்கத்துக்கு இதுதான் வேர்.

ஓட்டத்தின் நடுவே விழுங்கும் சர்க்கரைக் கூழான ஜெல்லும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. குடல் குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராம் வரைதான் உறிஞ்சும். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருப்பதால் இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம். குடலையும் பழக்க வேண்டும், அதனால் நீண்ட ஓட்ட நாட்களிலேயே ஜெல்லை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் விஷயத்தில் தாகம் சொல்வதைக் கேட்டால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் ஆபத்தான பக்கம் இறங்கியிருந்தது, முக்கியமாக அளவுக்கு மீறிக் குடித்ததால்.

கடைசி இரண்டு மூன்று வாரம் டேப்பரிங். தூரத்தைப் பாதி போலக் குறைத்து, வேகத்தை மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருப்பது. விட்டுப்போன நீண்ட ஓட்டத்தை இந்த வாரங்களில் ஈடுகட்ட நினைப்பவர்கள் மைட்டோகாண்டிரியாவின் கணக்கை மறந்தவர்கள். இனி ஓடுவதன் பலன் பந்தயம் முடிந்த பிறகே வந்து சேரும். இதுவரை சேர்ந்த களைப்புதான் இப்போது வடிய வேண்டும். ஆனால் மனசு கேட்காது. இல்லாத முழங்கால் வலி வரும், கால் கனப்பது போல இருக்கும். போதாக்குறைக்குப் பந்தயத்துக்கு முந்தைய நாள் எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடியிருக்கும். பதறிப்போய் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிராம் கிளைக்கோஜன் சேரும்போது கூடவே மூன்று கிராம் போலத் தண்ணீரும் தசைக்குள் போய் உட்காரும். மெஷினில் கூடியிருப்பது அதுதான். 30-வது கிலோமீட்டருக்குப் பிறகு அது வேண்டியிருக்கும்.